ஒரு ஊசி போட்டும் தட்டம்மை வந்தால், இரண்டாவது எதற்கு?

பாலாற்று மணல்: குடியாத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒன்பதாம் மாதமே எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி போட்டார்கள். போன வாரம் தட்டம்மை வந்துவிட்டது. என் பையனுக்கு ஒன்றரை வயது. நர்ஸ் இரண்டாவது ஊசிக்குக் கூப்பிடுகிறார். முதல் ஊசியே வேலை செய்யாதபோது இன்னொன்று எதற்கு?

காட்பாடி ஜங்ஷன்: வேலை செய்யாமல் போகிறவர்களுக்காகத்தான் இரண்டாவது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குழந்தையின் உடம்பில் மிச்சமிருந்தால் ஊசி மருந்தையும் அடக்கிவிடும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் சுமார் 85 பேருக்குத்தான் பிடிக்கும். ஒரு வயதில் போட்டால் 95. ஆனால் அதுவரை காத்திருக்கும் மாதங்களில் நோய் வந்தால் கைக்குழந்தைதான் அதிகம் படும். அதனால் நம் ஊரில் முதல் ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள், அடுத்தது 16 முதல் 24 மாதத்துக்குள்.

பாலாற்று மணல்: அப்போ அந்த 15 பேர் இடையில் சும்மா இருக்க வேண்டியதா? எங்கள் பாட்டி காலத்தில் வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாள் வரமாட்டார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிடும்.

அணைக்கட்டு டீச்சர்: பாட்டிக்கு எத்தனை பிள்ளை பிறந்து எத்தனை தங்கியது என்றும் கேளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்: டீச்சர், கொஞ்சம் மெதுவா. வேப்பிலையை நான் குறை சொல்லமாட்டேன், ஆளை ஒதுக்கி வைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பே நோய் பரவ ஆரம்பித்துவிடும். அப்போது வெறும் சளி, காய்ச்சல், சிவந்த கண். யார் வேப்பிலை செருகுவார்கள்? நோயாளி எழுந்து போன அறையில்கூட இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். அந்த 15 பேரைக் காப்பாற்றுவது சுற்றியுள்ள மற்ற பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிதான்.

அணைக்கட்டு டீச்சர்: 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் எம்ஆர் போட்டார்களே, ஊசி போடாதீர்கள் என்று வந்த வாட்ஸ்அப் ஆடியோவை நம்பி என் வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கு லீவு.

பாலாற்று மணல்: அந்த ஆடியோவை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். சரி, விடுங்கள். பையனுடைய தடுப்பூசி அட்டை வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. அட்டை இல்லாமல் போடுவார்களா?

காட்பாடி ஜங்ஷன்: போடுவார்கள். தவறியவர்களுக்கு ஐந்து வயது வரை போடலாம். ஏற்கெனவே போட்டிருந்து இன்னொன்று போட்டாலும் கெடுதல் இல்லை. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், புது அட்டையும் கேட்டு வாங்குங்கள்.