புதுப்பிப்பு: புள்ளி விழுந்த வரவேற்பறை

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் என் வரவேற்பறை ரெண்டர் (3டி மாதிரியிலிருந்து கணினி கணக்கிட்டு உருவாக்கும் படம்) முழுக்கப் புள்ளி புள்ளியாக வருகிறது, ஒரு படத்துக்கே ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, காரணம் கிடைத்துவிட்டது. பாவம், லேப்டாப்பைத் திட்டியது தப்பு. குற்றவாளி ஜன்னல் கண்ணாடி! கிளாஸ் ஷேடர் (பொருளுக்குக் கண்ணாடித் தன்மை தரும் அமைப்பு) வழியே வரும் வெயிலை, பிளெண்டரில் படத்தைக் கணக்கிடும் பகுதியான சைக்கிள்ஸ் நேரடி வெளிச்சமாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கெங்கோ சுற்றி வரும் கதிர்களில் தேடித் தடுமாறுகிறது. எந்த வகைக் கதிர் என்று பிரித்துச் சொல்லும் லைட் பாத் நோடை வைத்து, நிழல் விழுமா என்று பார்க்கும் நிழல் கதிருக்கு மட்டும், வெளிச்சத்தை அப்படியே விடும் டிரான்ஸ்பரன்ட் ஷேடர் கொடுத்தேன். கம்பி நிழலோடு வெயில் தரையில் பளிச்சென்று விழுந்தது. அப்புறம் சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை முறை கணக்கிடுவது என்ற எண்ணிக்கையை) 4096-லிருந்து 300 ஆக்கி, மிச்சப் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸ் போட்டேன், 40 நிமிடம்தான். கத்தி மாதிரி இருந்த மேசை விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் பெவல் கொடுத்து லேசாக மழுக்கியதும் மரம் மரமாகத் தெரிகிறது. சோபாதான் இன்னும் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது. திங்கட்கிழமை ஜூரி, அதாவது நடுவர்கள் முன்னால் மதிப்பீடு.