புதுப்பிப்பு: கருங்கற் போர்வீரன் சிலையில் படிந்த வெண்படலம் நீங்கியது

எங்கள் சனசமூக நிலையத்தின் முன்னுள்ள கருங்கற் போர்வீரன் நினைவுச் சிலையில், எத்தனை முறை கழுவினாலும் வெண்படலம் திரும்புவது ஏன் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சிறிது சுரண்டியெடுத்து அதில் வினாகிரி விட்டுப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே பலித்தது. தூள் நுரைத்தது, ஆகவே அது கல்லுக்குள்ளிருந்து வந்த உப்பன்று, கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்புப் படிவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் தேங்குவதால், வாராவாரம் பக்தியோடு ஊற்றிய கிணற்றுத் தண்ணீர்தான் காய்ந்து காய்ந்து அந்தப் படலமாகியிருக்கிறது. அழுக்கை நாங்களே பூசியிருக்கிறோம்!

நீர் கலந்த வினாகிரியில் நனைத்த துணியைச் சிறு சிறு பகுதிகளாகப் போர்த்தி, தும்புத் தூரிகையால் தேய்த்து, சேமித்த மழைநீரால் நன்றாக அலசினோம். கருங்கல்லுக்குத் தீங்கு தெரியவில்லை. ஆனால் பீடத்தின் சீமெந்துப் பொருத்துகளை அமிலம் அரிக்கும் என்பதால் அவற்றை முன்கூட்டியே பொலித்தீனால் மூடினோம்.

எதிர்பாராதவை இரண்டு. சப்பாத்தருகே இருந்த சாம்பல் வட்டங்கள் நுரைக்கவில்லை. அவை கற்பாசி, ஈரமாக்கி மூங்கிற் சீவலால் சுரண்டியபோது கழன்றன. துவக்கின் மேலிருந்த செம்புள்ளிகளோ முன்னொருமுறை கம்பித் தூரிகையால் தேய்த்தபோது சிக்கிய இரும்புத் துகள்களின் துரு. அவை இன்னும் போகவில்லை.