ஓட்ஸ், உலர்பழத் துண்டு: வெட்டினால் உதிர்கிறது, மறுநாள் பிசுபிசுக்கிறது

தலவாக்கலை மகள்:

அம்மா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். காலையில் கட்டிக் கொடுக்கிற ரொட்டி பத்து மணிக்குள் விறைத்துவிடும். இந்த மழையில் இடுப்பில் படங்கைக் (தடித்த விரிப்பை) கட்டிக்கொண்டு நின்றபடி அதைப் பிய்த்துத் தின்ன அவருக்கு நேரமும் இல்லை, பல்லும் ஒத்துழைப்பதில்லை. கையில் எடுத்து இரண்டு கடியில் முடிக்கக்கூடிய, வயிற்றுக்குக் கொஞ்சம் தாங்குகிற ஒன்று வேண்டும். அதற்காகத்தான் ஓட்ஸ் துண்டு செய்து பார்க்கிறேன். மேசையில் வைக்கிற சின்ன அவன் (oven) இருக்கிறது.

முதல் தடவை ஓட்ஸ் 250 கிராம், உருக்கிய மாஜரின் 100 கிராம், சீவிய கித்துல் (கூந்தல் பனை) கருப்பட்டி 100 கிராம், பிளம்ஸ் (உலர் திராட்சை), பேரீச்சம்பழம் போட்டுக் கலந்து 180 பாகையில் 30 நிமிடம் வைத்தேன். ஓரம் கருகிவிட்டது. நன்றாக ஆறிய பிறகு கத்தி வைத்தால் அப்படியே பொலபொலவென்று உதிர்ந்தது. மேலே தெரிந்த பிளம்ஸ் எல்லாம் ஊதிக் கருகிக் கசந்தன.

இரண்டாம் தடவை கித்துல் பாணி (காய்ச்சிய பாகு) அரைக் கோப்பை சேர்த்தேன். பிடித்துக்கொண்டது. எறும்பு வந்துவிடும் என்று சூட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினேன். விடிய எழும்பிப் பார்த்தால் மேலெல்லாம் பிசுபிசு. சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட்டில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் வழித்துத் தின்றுவிட்டுப் போனார். எங்கே பிழை விடுகிறேன்?

ஊவாக் காற்று:

தங்கச்சி, நான் பண்டாரவளையில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்காக வாரத்துக்கு ஒரு தட்டு செய்கிறேன்.

உதிர்ந்ததற்குக் காரணம், பிடிக்க வைக்கிற பாகு இல்லாததுதான். சீவிய கருப்பட்டி ஓட்ஸுக்குள் அங்கங்கே கட்டியாகக் கிடக்குமே தவிர ஒட்டாது. அதைப் பட்டரோடும் பாணியோடும் சேர்த்து அடுப்பில் கரைக்க வேண்டும். என் கணக்கு இது: ஓட்ஸ் 250 கிராம், பட்டர் அல்லது மாஜரின் 125, கருப்பட்டி 75, கித்துல் பாணி 4 மேசைக்கரண்டி, உலர்பழம் எல்லாம் சேர்த்து 150, உப்பு ஒரு சிட்டிகை. 20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டு போதும்.

பாகைக் கரைக்கும்போது அடுப்பு மெதுவாக எரியட்டும். கருப்பட்டி கரைந்ததும் இறக்கிவிடுங்கள், கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் டொஃபி மாதிரி இறுகும், அம்மாவின் பல்லுக்கு அது ஆகாது. கடையில் மலிவாகக் கிடைக்கிற பாணியில் சீனிப் பாகு கலப்பதுண்டு, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

உங்கள் அம்மாவுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். பேரீச்சம்பழத்தை சீனி போடாத சூடான சாயத் தண்ணீரில் (பால் இல்லாத தேநீரில்) கால் மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை ஒட்டப் பிழிந்து, கையால் மசித்து அந்தப் பாகில் சேருங்கள். துண்டு மெத்தென்று இருக்கும், பிடித்தும் கொள்ளும். பிளம்ஸையும் அதே தண்ணீரில் போட்டு வடித்தால் அவனில் கருகாது. அப்படியும் மேலே எட்டிப் பார்க்கிறதை விரலால் உள்ளே அமுக்கிவிடுங்கள்.

ஓட்ஸில் மூன்றில் ஒரு பங்கை மிக்சியில் ஒரு சுற்று விடுங்கள். அந்த மாவு இடைவெளிகளை அடைக்கும். தட்டில் எண்ணெய்ப் பேப்பர் விரித்து, கலவையைக் கொட்டி, அடி தட்டையான டம்ளரால் அழுத்துங்கள். நிஜமாகவே பலமாக, ஓரங்களில் இன்னும் பலமாக.

180 சின்ன அவனுக்கு அதிகம், மேல் கம்பி கிட்ட இருக்கும். 160 வையுங்கள், நடுத்தட்டில் 25 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி நடு மெதுவாக இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள், ஆறும்போது தானே இறுகும். பத்து நிமிடம் கழித்து, இளஞ்சூட்டில் கத்தியால் கோடு போட்டு வெட்டுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் தட்டிலிருந்து கிளப்ப வேண்டும்.

பிசுபிசுப்பு எனக்கு வந்ததே இல்லை. இங்கே இப்போது காற்றுத்தான், துணி ஒரு மணி நேரத்தில் காய்கிறது. அதற்கு உங்கள் பக்கத்து ஆட்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய ஸ்டோர்க்காரர்:

மகள், நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இலையைக் காய வைக்கிற ட்ரையரில் 31 வருஷம் நின்றவன். உங்கள் இரண்டாவது தட்டில் என்ன நடந்தது என்பது எனக்கு வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. சூட்டோடு மூடினீர்கள். உள்ளே இருந்த ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்ப அதன் மேலேயே விழுந்தது.

ட்ரையரிலிருந்து வருகிற தூளில் ஈரம் 3 சதவீதம் அளவில்தான் இருக்கும். அதைச் சூட்டோடு மூட்டையில் கட்டவும் மாட்டோம், ஆறிய பிறகு திறந்து போடவும் மாட்டோம். திறந்து கிடந்தால் காற்றில் இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கருப்பட்டியும் பாணியும் தூளைவிட மோசம், சீனி உள்ள எதுவும் ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

பண்டாரவளைத் தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. தென்மேல் பருவக்காற்று மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும் நம் மேற்குப் பக்கத்தைத்தான் நனைக்கிறது. மழையை இங்கே கொட்டிவிட்டு மலையைத் தாண்டிப் போகிற காற்று ஊவாவில் காய்ந்துதான் இறங்குகிறது. ஆகவே ஒரே கணக்கு இரண்டு பக்கத்துக்கும் சரிவராது. ஆடியில் நீங்கள் பாணியில் ஒரு கரண்டி குறையுங்கள். அவனை அணைத்த பிறகு கதவை ஒரு விரல் அளவு திறந்து, தட்டை உள்ளேயே பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் வெட்டி, கம்பித் தட்டில் அடியிலும் காற்றுப் படுகிற மாதிரி இரண்டு மணி நேரம் ஆற வையுங்கள். எறும்புக்குப் பயமென்றால் தட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள், மூடி மட்டும் வேண்டாம்.

ஆறியதும் பிஸ்கட் டின். அடியில் ஒரு பிடி அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆற வைத்து, துணியில் முடிந்து போடுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தரம் அரிசியை மாற்றுங்கள். ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்ப் பேப்பரில் சுற்றுங்கள், லஞ்ச் ஷீட் ஒட்டும்.

உயரம் காரணமோ என்று யாராவது கேட்கலாம். நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பேக்கிங் பவுடர் போடுகிற கேக்குக்கு அது கணக்கு. இது பொங்கி எழும்புகிற பண்டம் இல்லை, உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

ராகலை தம்பி:

அக்கா, அவன் இல்லாத வீடுகளுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) விறகடுப்புத்தான். கனமான அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, மூடி கால் மணி நேரம் காய விட்டு, சின்ன வளையம் ஒன்றின் மேல் தட்டை வைப்பேன். மூடி மேலே கொஞ்சம் தணல். 40 நிமிடமாகும். மேலே தணல் இல்லாவிட்டால் துண்டு வெளுத்துத்தான் இருக்கும். தங்கைக்குப் பாணிக்குப் பதிலாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துப் போட்டேன். ருசி நன்றாக இருந்தது, ஆனால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

தலவாக்கலை மகள்:

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். பாணி 3 கரண்டிதான், பேரீச்சம்பழம் சாயத் தண்ணீரில் ஊறியது, 160 பாகை. 25 நிமிடத்தில் நடு இன்னும் ஈரமாக இருந்ததால் இன்னும் 5 நிமிடம் விட்டேன். டம்ளரால் அழுத்தி அழுத்திக் கை வலித்தது. 16 துண்டு வந்தது, இரண்டுதான் ஓரத்தில் உடைந்தது. இன்று புதன், நான்காவது நாள், வெளியே பனியும் தூறலும் விடவே இல்லை. டின்னைத் திறந்தேன், பேப்பர் சுத்தமாகக் கழன்று வந்தது.

அம்மா இன்றைக்கு நான்கு துண்டு கேட்டார். இரண்டு அவருக்கு, இரண்டு பக்கத்து நிரையில் நிற்கிற பெரியம்மாவுக்காம். ஐயா, தட்டை இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் நேரத்தை எவ்வளவு கூட்ட வேண்டும்?

பழைய ஸ்டோர்க்காரர்:

தட்டைப் பெரிதாக்காதீர்கள் மகள். சின்ன அவனில் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும். அதே தட்டில் இரண்டு தடவை போடுங்கள். இரண்டாவது தடவைக்கு அவன் ஏற்கெனவே சூடேறியிருக்கும், 22 நிமிடத்திலேயே எட்டிப் பாருங்கள்.