மேசைன்னு நினைச்சுத் தொப்பியை வெச்சேன்: பழைய பியானோவில் ஃபின்லாந்து இசை கேட்ட அனுபவங்கள்

கம்பளித்தொப்பி:

மூணு வருஷம் ஆச்சு, இன்னும் நினைச்சா காது சூடாகுது. அதான் எழுதுறேன்.

ஃபின்லாந்தோட துர்க்கு நகரத்துல படிச்சப்போ பிப்ரவரியில் ஒரு சின்னக் கச்சேரி. ஃபின்லாந்து இசையமைப்பாளர்கள் மட்டும், அதுவும் பழங்காலப் பியானோக்களில். நாற்பது நாற்காலி போட்ட அறை. நான்தான் முதல் ஆள். தலையில் பனியில் நனைஞ்ச தொப்பி. ஓரமா பளபளன்னு ஒரு மர மேசை நின்னுச்சு, மெலிசான நாலு கால். தொப்பியையும் கையுறையையும் அது மேல வெச்சுட்டு உட்கார்ந்துட்டேன்.

சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா வந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. தொப்பியை ரெண்டு விரலால தூக்கி எங்கேயோ கொண்டு போனாங்க. திரும்பி வந்து தன்னோட ஸ்வெட்டர் கையாலேயே ஈரத்தைத் துடைச்சாங்க. திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். அப்புறம் அந்த மேசையோட மூடியைத் திறந்தாங்க. உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டைகள்!

அதுக்குப் பேரு தாஃபெலிபியானோ, மேசைப் பியானோ. 1830கள்ல செஞ்சதாம். அந்த அம்மாதான் அன்னைக்கு வாசிக்கிறவங்க.

முதல்ல மெரிகாந்தோவோட ‘கேசாஇல்லன் வல்சி’, கோடை மாலை வால்ட்ஸ். அது தெரியாத பாட்டி ஃபின்லாந்துல இருக்க மாட்டாங்க. பக்கத்து சீட்டு அம்மா முழங்கால்ல தாளம் போட ஆரம்பிச்சுட்டாங்க. சத்தம் ரொம்பச் சின்னது. சுத்தியல் தலையில் தோல், கம்பி மெலிசு, ஒலி எழுந்த வேகத்துல அடங்கிடும். அதனால ஸ்வரத்துக்கு அடியில கட்டை விழுற ‘டொக் டொக்’ நல்லாக் கேட்கும். ஒவ்வொரு டொக்கும் என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. வேற என்னென்ன வாசிச்சாங்கன்னு கேட்காதீங்க.

ஐனோலா ரசிகன்:

தொப்பிக்கு மன்னிப்பு உண்டு. நிகழ்ச்சி நிரலுக்குக் கிடையாது. மெரிகாந்தோ அந்த வால்ட்ஸை எழுதியது 1885இல், இருபது வயதுகூட ஆகாத பையனாக. அவருடைய ஓபஸ் 1, அதாவது படைப்பு எண் ஒன்று. பியானோ செய்யும் ஸ்டைன்வே கம்பெனி, கிராண்ட் பியானோவில் கம்பிகளை ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் பூட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கியதே 1859இல். கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டகம் வந்த பிறகு பிறந்த இசையை அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய மரப்பெட்டியில் வாசிப்பதில் என்ன வரலாறு இருக்கிறது?

வரலாற்றுக் கருவி என்றால் யார்வென்பாவுக்குப் போக வேண்டும். இசையமைப்பாளர் சிபேலியஸ் 1904இல் குடியேறிய வீடு, மனைவி ஐனோவின் பெயரில் ஐனோலா. முன்னறையில் நிற்கும் ஸ்டைன்வே 1915இல் அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளுக்கு நண்பர்கள் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்தது. மனிதர் கடனாளி. வந்த பரிசையும் ஜப்தி செய்யப் பார்த்தார்கள். பாடகி ஈடா எக்மன் ஓடி ஓடி நிதி சேர்த்துத்தான் அது வீட்டில் தங்கியது.

நான் ஒரு ஜூன் மாதம் குழுவோடு போனபோது அதில் ‘கூசி’ வாசித்தார்கள். ஓபஸ் 75, மரங்களைப் பற்றிய ஐந்து துண்டுகளில் கடைசி. ஃபின்னிஷில் கூசி என்றால் ஸ்ப்ரூஸ் மரம். (ஆறு என்ற எண்ணும் அதேதான். நிரலைப் பார்த்துவிட்டு மீதி ஐந்து எங்கே என்று கேட்டவன் நான்.) தாழ்ந்த குரலில் மெதுவாக நகரும் வால்ட்ஸ், நடுவில் திடீரென மேலும் கீழும் பாயும் ஸ்வரச் சரங்கள். அந்தப் பாய்ச்சல் காதுக்கு வருமுன் தரைப்பலகை வழியாகக் காலுக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நிஜ மரங்கள் அசையாமல் நின்றன. அறைக்குள்தான் காற்று. இதைக் கம்பளித்தொப்பியின் மேசை தருமா?

நல்லூர் வீதி:

ஐனோலா அண்ணை, கோவிக்காதேங்கோ. 1885இல எல்லார் வீட்டிலயும் புதுக் கிராண்ட் பியானோ நிண்டதோ? பேத்தி வாசிக்கிறது அம்மம்மான்ர கலியாணத்துக்கு வாங்கின பெட்டியிலதானே. எங்கட வீட்டு ஆர்மோனியம் மூண்டு தலைமுறை கண்டது.

நான் கேட்டது ஹெல்சின்கியில, மே மாசக் கடைசி. இரவு ஒன்பது மணிக்கும் நல்ல வெளிச்சம். பால்ம்கிரேன்ர ‘மே இரவு’ வருது எண்டு ஆசையோட இருந்தனான். அதுக்கு முதல் துண்டு முடியேக்க மேல்ஸ்தாயியில ஒரு சுரம் இறங்கிப் போச்சு. எனக்கே விளங்கினது. வாசிச்ச பெடியன் எழும்பி, சாவி மாதிரி ஒண்டை எடுத்து முளையை முறுக்கத் தொடங்கினான். ஏழெட்டு நிமிசம். ஒருத்தரும் இருமேல்லை. எங்கட சபையெண்டால் மிருதங்கக்காரர் கல்லால தட்டுற நேரத்தில பாதிச்சனம் தேத்தண்ணிக்குப் போயிருக்கும். டிங்... டிங்... ஒரே சுரம். கடைசியில அது சேர்ந்த நேரம் முன்வரிசையில ஒரு கிழவர் தலையாட்டினார். பெடியனும் அவரைப் பார்த்துத் தலையாட்டிப்போட்டு இருந்தான்.

‘மே இரவு’ எப்பிடி இருந்தது எண்டு கேட்டால் ஒண்டும் ஞாபகம் இல்லை. அந்த டிங் மட்டும் நிக்குது.

ஐனோலா ரசிகன்:

அம்மம்மா பெட்டி நல்ல வாதம். ஏற்க மாட்டேன்.

பழைய சாமான்:

என் கதை ரெண்டே வரி. எஸ்போவில் யாரோ இலவசமாகக் கொடுத்த பழைய பியானோவை ஆசையாகத் தூக்கி வந்தேன். சுருதி சேர்க்க வந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தம்பி, உங்கள் தொப்பி பெரிய குற்றமில்லை. அரக்குப் பாலிஷ் மேல் ஈரம் நின்றால் வெள்ளைத் தடம் விழும். அதற்குத்தான் அந்த அம்மா உடனே துடைத்திருப்பார். உண்மையான எமன் ஹீட்டர். ஃபின்லாந்துக் குளிர்காலத்தில் வெளியே பனி, வீட்டுக்குள் பாலைவனம். ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ் மரம், ஆமாம், ஐனோலா ரசிகர் உருகிய அதே கூசி. காற்று காய்ந்தால் அது சுருங்கி வெடிக்கும், ஈரமானால் உப்பும். நூறு பேர் உட்கார்ந்து மூச்சு விட்டாலே சுருதி நகரும். ஆகவே அந்தப் பெடியன் எட்டு நிமிஷம் எடுத்தது அதிசயமே இல்லை, நல்லூர் வீதி. ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்கும் அறுபதுக்கும் நடுவில் இருக்கட்டும். அறையில் தண்ணீர்த் தட்டு வைக்கலாம், பியானோ மேல் பூச்சாடி கூடவே கூடாது. மரச்சட்டப் பியானோவை இன்றைய 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு இழுக்க ஆசைப்படாதீர்கள், 430 போதும். கம்பிகளின் இழுப்பில் சட்டமே முறுக்கிக்கொள்ளும். ஜன்னல் ஓரம் வேண்டாம், ஹீட்டர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், குறைந்தது...

கம்பளித்தொப்பி:

அக்கா, ஹீட்டர்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. கச்சேரி முடிஞ்சு தொப்பியைத் தேடினேன். அந்த அம்மா அதை ஹீட்டர் மேலதான் விரிச்சு வெச்சிருந்தாங்க. நல்லாக் காய்ஞ்சிருந்துச்சு, வெதுவெதுன்னு. ஹீட்டருக்கும் பியானோவுக்கும் நாலடி கூட இருக்காது.