கார்டு தெரிகிறது, டிரைவரும் ஏறுகிறது, எட்டு ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். உதவுங்கள்!

பழையபெட்டி | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது கைகொடுங்கள்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். 2012-இல் வாங்கிய பெட்டி. மதர்போர்டில் நேரடியாக ஒரு எஸ்எஸ்டி, ஓஎஸ் அதில்தான். மாணவர்களின் புராஜெக்ட், ஆராய்ச்சித் தரவு எல்லாம் எட்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்கில். அவை எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டில் தொங்குகின்றன. கார்டு ஐடி மோடில், அதாவது டிஸ்க்குகளை அப்படியே ஓஎஸ்ஸிடம் விட்டுவிடும் முறையில் இருக்கிறது. இரண்டு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும் ரெய்டு 6 அமைப்பை லினக்ஸே பார்த்துக்கொள்கிறது. அதற்கு மேல், இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள எல்விஎம்.

இதுவரை சென்ட்ஓஎஸ் 7. 2024 ஜூன் 30-ஓடு அதன் ஆயுள் முடிந்தும் தள்ளிப்போட்டு ஓட்டினேன். போன ஞாயிறு துணிந்து எஸ்எஸ்டியை அழித்து, ரெட் ஹேட் வழி வந்த ராக்கி லினக்ஸ் 9 போட்டேன். இன்ஸ்டால் அருமையாக முடிந்தது. எட்டு டிஸ்க்கில் ஒன்றுகூடத் தெரியவில்லை. டிஸ்க் பட்டியல் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளை போட்டால் எஸ்எஸ்டி மட்டும்.

செய்து பார்த்தவை: கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். வேறு ஸ்லாட்டில் போட்டேன். கேபிள் இரண்டையும் புதிதாக வாங்கி மாற்றினேன். பவர் ஆன் செய்ததும் கார்டின் சொந்தத் திரையில் எட்டு டிஸ்க்கும் மாடல் எண்ணோடு வரிசையாக வருகின்றன! லினக்ஸ் வந்ததும் மாயம். கார்டின் டிரைவரான எம்பிடி3சாஸை ஏற்ற மோட்ப்ரோப் எம்பிடி3சாஸ் அடித்தால் ஒரு எர்ரரும் இல்லை, ஏறிய டிரைவர்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலிலும் மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஏன்?

பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். பாதிக்கு இருக்கிறது.

கேபிள்ராஜா | செவ்வாய், இரவு 9.40

ப்ரோ, கார்டு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கிற மென்பொருள்) பழசாக இருக்கும். இந்தக் கார்டுக்குக் கடைசியாக வந்த 20.00.07.00-ஐ ஃப்ளாஷ் பண்ணிடுங்க. என் வீட்டுப் பெட்டியில அதுக்கப்புறம்தான் எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு.

இராக்கோழி | செவ்வாய், இரவு 10.25

தயவுசெய்து இப்போது ஃப்ளாஷ் செய்யாதீர்கள். சென்ட்ஓஎஸ் 7-இல் ஞாயிறு காலைவரை ஓடிய ஃபர்ம்வேர் மதியம் கெட்டுப்போகாது. பாதி பேக்கப்பை வைத்துக்கொண்டு ஃப்ளாஷ் பாதியில் நின்றால் அப்புறம் நிஜமாகவே அழ வேண்டியிருக்கும்.

மாறியது ஓஎஸ் மட்டும்தான். அங்கேயே தேடுவோம். மூன்று விஷயம் போடுங்கள். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எல்எஸ்பிசிஐ -என்என்கே: ஸ்லாட்டுகளில் உள்ள கார்டுகளின் பட்டியல், அதில் கார்டுக்கு உரிய வரிகள் முழுவதும்.

லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவு டிமெசேஜ், அதில் எம்பிடி என்று தேடினால் வருவது எல்லாம்.

மோட்இன்ஃபோ எம்பிடி3சாஸ்: டிரைவரின் விவரம், அதில் அலையஸ் என்று தொடங்கும் வரிகள்.

பழையபெட்டி | செவ்வாய், இரவு 11.03

நன்றி அண்ணா. கார்டின் வரி: சிப் எஸ்ஏஎஸ்2008, ஃபால்கன், அடைப்புக்குறிக்குள் 1000:0072, ரெவ் 03. அதற்குக் கீழே சப்சிஸ்டம் என்று ஒரே ஒரு வரி. எஸ்எஸ்டி இருக்கும் சாட்டா கன்ட்ரோலருக்குக் கீழே ‘பயன்பாட்டில் உள்ள டிரைவர் ஏஹெச்சிஐ’ என்று கூடுதலாக இருக்கிறது. கார்டுக்கு அந்த வரியே இல்லை.

டிமெசேஜில் எம்பிடி3சாஸ் இந்த வெர்ஷன் லோட் ஆனது என்று ஒரே வரி. எர்ரர் கிடையாது.

அலையஸ் வரிகள் நிறைய வந்தன. அதில் எதைப் பார்க்க வேண்டும்?

இராக்கோழி | செவ்வாய், இரவு 11.31

அந்த வரிகளில் 00001000-க்குப் பிறகு ஓர் எழுத்தும், அதையடுத்து 00000072 என்ற எண்ணும் வருகிறதா பாருங்கள். வராது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். 00000097 இருக்கும். அது எஸ்ஏஎஸ்3008, உங்கள் கார்டுக்கு அடுத்த தலைமுறை.

மோட்ப்ரோப் வாயைத் திறக்காமல் போனதுதான் உங்களை ஏமாற்றிவிட்டது. மோட்ப்ரோப் செய்வது மாட்யூலை நினைவகத்தில் ஏற்றும் வேலை மட்டும். எந்தக் கார்டை அது கையில் எடுக்கும் என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு பிசிஐ டிரைவருக்குள்ளும் ஓர் எண் பட்டியல் இருக்கிறது: தயாரிப்பாளர் எண், சாதன எண். கர்னல் அந்தப் பட்டியலையும் ஸ்லாட்டில் இருக்கும் கார்டின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால்தான் டிரைவரைக் கூப்பிட்டு ‘இந்தா, இது உன் பொறுப்பு’ என்று ஒப்படைக்கும்.

வாக்குச்சாவடி திறந்திருக்கிறது, அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், நீங்களும் அடையாள அட்டையோடு நிற்கிறீர்கள். ஆனால் பட்டியலில் பேர் இல்லை. யாரும் உங்களைத் திட்டவில்லை, விரட்டவும் இல்லை. மை மட்டும் வைக்கமாட்டார்கள். உங்கள் கார்டு அப்படித்தான் நிற்கிறது.

1000:0072 ஏன் இல்லை என்றால், ரெட் ஹேட் 8-ஆம் பதிப்பிலிருந்தே எம்பிடி3சாஸ் டிரைவரில் எஸ்ஏஎஸ்2004, 2008, 2108, 2116 வகைக் கார்டுகளின் எண்களை எடுத்துவிட்டார்கள். ஒளித்துச் செய்யவில்லை, வெளியீட்டுக் குறிப்பில் எண் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். யார் படிக்கிறோம்? ராக்கி அதே கர்னல் மூலத்தை அப்படியே எடுப்பதால் அதிலும் இல்லை. லினஸ் தரப்பு மூலக் கர்னலில் அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் உபுண்டு, டெபியனில் உங்கள் கார்டு சிரமமில்லாமல் ஓடும்.

டெபியன்தாசன் | புதன், காலை 6.50

மேலே சொன்னதைச் சோதிக்க இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஒரு டெபியன் லைவ் பென்டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிஎல்கே பாருங்கள். எட்டும் வந்தால் கார்டு, கேபிள், டிஸ்க் மூன்றுக்கும் நற்சான்றிதழ். ஆனால் பார்க்க மட்டும் செய்யுங்கள். மவுண்ட் செய்யாதீர்கள், ரெய்டைக் கையால் அசெம்பிள் செய்யவும் வேண்டாம். லைவில் அது ஏதாவது ரீசிங்கை (டிஸ்க்குகளை மறுபடி ஒத்திசைப்பதை) தொடங்கிவிட்டு நீங்கள் பாதியில் ரீபூட் செய்தால் வீண் தலைவலி.

அப்படியே டெபியனுக்கே வந்துவிடுங்கள் என்று சொல்ல ஆசைதான். அடக்கிக்கொள்கிறேன்.

பழையபெட்டி | புதன், காலை 10.15

எட்டும் வந்தன!!! 72 என்ற எண் ராக்கியின் பட்டியலில் இல்லை, 97 இருக்கிறது, அண்ணா சொன்னது அப்படியே. கேபிளுக்குக் கொடுத்த காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இனி என்ன செய்வது? ஆய்வக மென்பொருள் ஒன்று ரெட் ஹேட் வகையில் மட்டும்தான் ஓடும், அதனால் டெபியனுக்குப் போக வழியில்லை.

இராக்கோழி | புதன், மதியம் 1.20

வழிகள் நான்கு. எனக்குப் பிடித்த வரிசையில் சொல்கிறேன்.

இஎல்ரெப்போ. ரெட் ஹேட் வகை ஓஎஸ்களுக்கு வெளியிலிருந்து டிரைவர் தரும் களஞ்சியம் இது. எடுக்கப்பட்ட எண்களைத் திரும்பச் சேர்த்து இதே டிரைவரை கேமாட்-எம்பிடி3சாஸ் என்ற பேக்கேஜாகத் தருகிறார்கள். உங்கள் ஓஎஸ் எஸ்எஸ்டியில் இருப்பதால் வேலை சுலபம். பேக்கேஜ் போடும் டிஎன்எஃப் மூலம் முதலில் இஎல்ரெப்போ-ரிலீஸ், பிறகு கேமாட்-எம்பிடி3சாஸ். இப்போது ஏறியிருக்கும் பழைய மாட்யூலை மோட்ப்ரோப் -ஆர் கொண்டு இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மோட்இன்ஃபோவின் முதல் வரியில் கோப்பின் பாதை இருக்கும். அதில் எக்ஸ்ட்ரா அல்லது வீக்-அப்டேட்ஸ் என்று இருந்தால் புதியது வந்துவிட்டது என்று பொருள். கர்னல் என்ற கோப்புறையையே காட்டினால் இன்னும் பழையதுதான்.

அல்மாலினக்ஸ். ராக்கி போலவே இதுவும் ரெட் ஹேட் வகைதான். 9.4 பதிப்பிலிருந்து இந்த எண்களை அவர்களே கர்னலில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

இஎல்ரெப்போவிலேயே மூலக் கர்னலை கர்னல்-எம்எல், கர்னல்-எல்டி என்று தருகிறார்கள். ஓடும். ஆனால் ஒரு கார்டுக்காக முழுக் கர்னலையும் மாற்றுவது, கதவு கீச்சிடுகிறது என்று வீட்டை மாற்றுகிற மாதிரி.

கார்டை மாற்றுவது. 9300-8ஐ என்ற கார்டு வாங்கினால் அதன் சிப் 3008, பட்டியலில் இருக்கிறது. கவனம்: உங்கள் கார்டின் சாக்கெட் எஸ்எஃப்எஃப்-8087, அதில் இருப்பது 8643. இப்போது வாங்கிய கேபிள் அதில் நுழையாது. நிதி கேட்கும்போது கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள்.

பழையபெட்டி | புதன், மாலை 5.48

முதல் வழியில் போனேன். மாட்யூலை மறுபடி ஏற்றியதும் டிமெசேஜில் எம்பிடி2சாஸ்_சிஎம்0 என்று வரிகள் கொட்டின. ஏற்றியது 3, பேசுவது 2. அது ஏன் என்று புரியவில்லை, ஆனால் எட்டு டிஸ்க்கும் வந்துவிட்டன. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் ரெய்டும் தானாகக் கூடிவிட்டது, எட்டுக்கு எட்டு. பேர் மட்டும் எம்டி0 போய் எம்டி127 ஆகிவிட்டது.

ஆனால் எல்விஎம்மில் இருப்பதைக் காட்டும் கட்டளைகள் வெறுமை: விஜிஎஸ் காலி. பிவிஎஸ் காலி. வால்யூம் குரூப்பே இல்லை என்கிறது. ரெய்டு நன்றாக இருந்தும் உள்ளே எல்விஎம் இல்லை என்றால் தரவு போய்விட்டதா? கை நடுங்குகிறது.

கேபிள்ராஜா | புதன், மாலை 6.02

பிவிகிரியேட் மறுபடி போட்டா வந்துடும்னு எங்கேயோ படிச்சேன்.

ரெய்டுஅக்கா | புதன், மாலை 6.09

பிவிகிரியேட் வேண்டாம்! தம்பி, கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். ராஜா, கோபப்படாதீர்கள், ஆனால் தரவு இருக்கும் டிஸ்க்கில் ‘கிரியேட்’ என்று முடிகிற எதையும் யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

தரவு எங்கும் போகவில்லை. ரெட் ஹேட் 9 வகையில் எல்விஎம்முக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கண்ணில் படும் எல்லா டிஸ்க்கையும் துழாவும். இப்போது ஒரு பதிவேடு வைத்துக்கொண்டு அதில் இருப்பதை மட்டும் பார்க்கிறது. ஈடிசி, எல்விஎம், டிவைசஸ் என்று உள்ளே போனால் சிஸ்டம்.டிவைசஸ் என்ற கோப்பு. இன்ஸ்டால் ஆகும்போது எழுதப்பட்டது. அப்போது உங்கள் எட்டு டிஸ்க்கும் கர்னலுக்கே தெரியாது, பதிவேட்டில் எப்படி ஏறும்?

எல்விஎம்டிவைசஸ் என்று மட்டும் அடியுங்கள். எஸ்எஸ்டி ஒன்றுதான் வரும். பிறகு விஜிஇம்போர்ட்டிவைசஸ் -ஏ. அது எல்லா டிஸ்க்கையும் ஒருமுறை துழாவி, கிடைக்கும் வால்யூம் குரூப்பைப் பதிவேட்டில் சேர்க்கும். அதற்குப் பிறகு அதை இயக்கத்துக்குக் கொண்டுவர விஜிசேஞ்ச் -ஏஒய். முதல்முறை மவுண்ட் செய்யும்போது ரீட்-ஒன்லியாகச் செய்து உள்ளே எட்டிப் பாருங்கள்.

எம்டி127 பற்றிக் கவலை வேண்டாம். ரெய்டின் தலைப்பில் பழைய ஹோஸ்ட்நேம் பதிந்திருக்கிறது, புது இன்ஸ்டாலில் நீங்கள் வேறு பேர் வைத்திருப்பீர்கள். ‘இது வெளியூர் ரெய்டு’ என்று நினைத்து 127-இலிருந்து எண் கொடுக்கிறது. மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் யுயுஐடியோ (தனி அடையாள எண்) எல்விஎம் பேரோ போட்டால் எண் எதுவானாலும் பாதிப்பில்லை.

இராக்கோழி | புதன், மாலை 6.30

அக்கா முந்திக்கொண்டார். 2, 3 குழப்பத்துக்கு மட்டும் நான்: முன்பு எம்பிடி2சாஸ், எம்பிடி3சாஸ் என்று இரண்டு தனி டிரைவர்கள். 4.4 கர்னலில் இரண்டையும் ஒன்றாக்கி 3 என்ற பேரை வைத்தார்கள். பழைய தலைமுறைக் கார்டு என்றால் பதிவில் மட்டும் இன்னும் 2 என்று எழுதும். மணமாகிப் போன பிறகும் பிறந்த வீட்டு இனிஷியல்.

பழையபெட்டி | புதன், இரவு 7.14

வந்துவிட்டது!!! 21.8 என்று அளவு காட்டுகிறது. ரெய்டு 6-இல் இரண்டு டிஸ்க் அளவு காப்புக்குப் போக மீதி ஆறு டிஸ்க், ஆறு நாலு இருபத்துநாலு டிபி, மீதி இரண்டு டிபி எங்கே போனது என்று ஒரு நிமிடம் மறுபடி நெஞ்சு அடைத்தது. பிறகுதான் 1000-க்கும் 1024-க்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது. ரீட்-ஒன்லியில் திறந்தேன், 2013-ஆம் ஆண்டு புராஜெக்ட்வரை எல்லாம் அப்படியே இருக்கிறது. இப்போது பேக்கப்பின் மீதிப் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா, அண்ணா, கோடி நன்றி. ராஜா ப்ரோ, உங்களுக்கும்தான், இரவில் முதலில் பதில் போட்டது நீங்கள்.

இராக்கோழி | புதன், இரவு 8.05

மகிழ்ச்சி. ஒரு எச்சரிக்கை. 9.4-லிருந்து 9.5 போல அடுத்த பதிப்புக்குப் போகும்போது கர்னல் உள்ளமைப்பு மாறி, பழைய கேமாட் அதோடு ஒட்டாமல் போகலாம். இஎல்ரெப்போ புதிதாகக் கட்டித் தரும்வரை சில நாள் இடைவெளி விழும். அப்டேட் முடிந்து ரீபூட் செய்யுமுன் மோட்இன்ஃபோவை -கே விருப்பத்தோடு புதுக் கர்னல் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், 72 இருக்கிறதா என்று. இல்லையென்றால் பழைய கர்னலிலேயே இருங்கள், பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் அது இருக்கும். எஃப்எஸ்டேபில் இந்த மவுண்ட்டுக்கு நோஃபெயில் போட்டுவிட்டால், டிஸ்க் வராத நாளிலும் பெட்டியாவது எழுந்து நிற்கும்.

நூலகம்7 | வியாழன், காலை 9.37

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே கதைதான், கொஞ்சம் மோசம். கார்டு மெகாரெய்டு, எண் 1000:0079. ஓஎஸ்ஸே அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும், வேறு டிஸ்க் இல்லை. ரெட் ஹேட் வகையில் 8-ஆம் பதிப்பைப் போட முயன்றால் இன்ஸ்டாலரில் டிஸ்க் ஒன்றுமில்லை என்கிறது. இன்ஸ்டாலே ஆகாதபோது கேமாட்டை எங்கே போடுவது?

இராக்கோழி | வியாழன், காலை 11.10

0079-ம் எடுக்கப்பட்டவற்றில் ஒன்றுதான், டிரைவர் மட்டும் மெகாரெய்டு_சாஸ். இன்ஸ்டாலருக்கே டிரைவரை ஊட்ட வேண்டும். இஎல்ரெப்போவில் டிரைவர் டிஸ்க் என்று சிறிய ஐஎஸ்ஓ கோப்புகள் இருக்கின்றன. நீங்கள் போடப்போகும் பதிப்பு 8.10 என்றால் 8.10-க்கு உரியதையே எடுங்கள், பதிப்பு மாறினால் ஏறாது. அதை இன்னொரு பென்டிரைவில் எழுதி, பூட் திரையில் கர்னல் வரியின் கடைசியில் ஐஎன்எஸ்டி.டிடி என்று சேருங்கள். எந்த டிரைவர் வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கேட்கும். பென்டிரைவுக்கு ஓஇஎம்டிஆர்வி என்று லேபிள் வைத்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டால் ஆகும் ஓஎஸ்ஸிலும் பூட் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் அந்த டிரைவரை அதுவே சேர்த்துவிடும்.

ஆனால் ரூட் (ஓஎஸ் இருக்கும் பகுதி) அந்தக் கார்டில் இருப்பதால், மேலே சொன்ன அப்டேட் எச்சரிக்கை உங்களுக்கு இரண்டு மடங்கு. டிரைவர் ஒட்டாத கர்னலில் ரீபூட் செய்தால் பூட் முடியாமல் டிராகட்டின் அவசர ஷெல்லில் போய் நிற்பீர்கள்.

நூலகம்7 | வியாழன், மதியம் 12.02

நன்றி. அப்படியானால் ஓஎஸ்ஸுக்கு என்று மதர்போர்டில் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிவிடுகிறேன். பழையபெட்டி, அந்தப் பழைய கேபிள்கள் இரண்டும் சும்மா கிடக்கிறதா?