‘தி அதர்ஸ்’: அந்த அம்மாமேல் உங்களுக்கும் கோபம் வந்ததா?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
நேற்று மழையில் கரண்ட் போனதும் லேப்டாப்பில் ‘தி அதர்ஸ்’ பார்த்தேன், 2001 படம். 1945, ஜெர்சி தீவு, மூடுபனி, வெளிச்சம் ஆகாத இரண்டு பிள்ளைகள், ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கவிடாமல் சாவிக்கொத்தோடு அலையும் அம்மா. பயத்தைவிட அவள்மேல் கோபம்தான் வந்தது. உங்களுக்கு?

பதில்:
எனக்குப் பாவமாக இருந்தது. போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை, மனம்விட்டுப் பேச ஆளில்லை. அப்பா துபாயில் இருந்த வருஷங்களில் எங்கள் மாகடி ரோடு வீட்டில் அம்மா ராத்திரி தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். படத்தில் அந்த அம்மாவாக வரும் நிக்கோல் கிட்மன் சாவியைத் திருப்பும்போது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

பதில்:
இசையும் இயக்குநர் அமெனாபாரே. அவர் வாசிக்காமல் விட்ட இடங்களில்தான் எனக்கு உதறியது. அப்புறம், முடிவு தெரிந்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள், கோபம் இருக்காது.