முட்டை வடிவ ஓட்டை உள்ள ஆர்ச்டாப் கிட்டாருக்கு எந்த பிக்கப்? உதவி தேவை

பாளை கிட்டார்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து வாங்கி வந்த ஆர்ச்டாப் கிட்டார் ஒன்று வீட்டில் இருக்கிறது. மேல்பலகை புடைத்திருக்கும். ஆங்கில f எழுத்து வடிவ எஃப் ஓட்டை கிடையாது, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரே ஓட்டைதான். லேபிள் உரிந்துபோனதால் யார் செய்தது என்று தெரியவில்லை.

டிசம்பரில் எங்கள் சர்ச் கேரல் சர்வீஸில் இதைத்தான் வாசிக்க வேண்டும் என்று ஆசை. மைக் வைத்தால் பாடகர் குழுவின் சத்தமெல்லாம் அதில் ஏறிவிடுகிறது. அதனால் ஓட்டையில் மாட்டும் காந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) ஒன்று வாங்கினேன். கிளிப் விளிம்பில் உட்காராமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாலும் சத்தம் மிகக் குறைவு. அதிலும் முதல் இரண்டு கம்பி மட்டும் கணீரென்று கேட்கிறது, மற்ற நாலும் அமுங்கிப்போகின்றன. கடையில் கேட்டால் பலகையை வெட்டி ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பதித்துவிடலாம் என்கிறார்கள். மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

தென்காசி மரவேலை:
தம்பி, முதலில் அந்தப் பலகையில் ரம்பம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையின் அகலம், நீளம், அதன் விளிம்பிலிருந்து கம்பி எவ்வளவு உயரம், இந்த மூன்று அளவையும் சொல்லுங்கள். கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையில் ஒட்டியிருக்கிறதா, சும்மா நிற்கிறதா? என்ன கம்பி போட்டிருக்கிறீர்கள்?

பாளை கிட்டார்:
அண்ணாச்சி, குறுக்கே 88 மி.மீ., கம்பி ஓடும் திசையில் 60. விளிம்பிலிருந்து கம்பி 23 மி.மீ. உயரம். பிரிட்ஜ் ஒட்டவில்லை, உயரம் கூட்டிக் குறைக்க இரண்டு பக்கமும் திருகு சக்கரம் இருக்கிறது. கம்பி பாஸ்பர் பிரான்ஸ்.

தென்காசி மரவேலை:
சரி, அப்போது பிக்கப்பில் கோளாறு இல்லை. கடையில் கிடைக்கும் அந்த வகையெல்லாம் தட்டையான பலகையும், சுமார் 100 மி.மீ. வட்ட ஓட்டையும் உள்ள சாதாரண கிட்டாருக்கு அளவெடுத்துச் செய்தவை. அதில் கம்பி பலகையை ஒட்டினாற்போல் ஓடும். ஆர்ச்டாப்பில் கழுத்துப் பலகையே மேலே தூக்கி நிற்பதால் கம்பி எட்டாத உயரத்தில் இருக்கிறது. காந்தம் தள்ளிப்போகப் போக சத்தம் சட்டென்று விழும்.

கம்பி விஷயம் வேறு. வெண்கலச் சுற்றைக் காந்தம் கண்டுகொள்ளாது, உள்ளே இருக்கும் எஃகு நரம்பை மட்டும்தான் பிடிக்கும். முதல் இரண்டும் முழு எஃகு, அதனால்தான் அவை மட்டும் முந்துகின்றன. நிக்கல் கம்பி போட்டால் இந்த வித்தியாசம் பெருமளவு குறையும்.

அமெரிக்க கிப்சன் கம்பெனியின் பழைய எல்-4 மாடல் இதே முட்டை ஓட்டை வகைதான். 1922-இல் எஃப் ஓட்டையோடு எல்-5 வந்தது, பிறகு ஆர்ச்டாப் என்றாலே அந்த வடிவம் என்றாகிவிட்டது. கழுத்து முனையில் திருகி, பலகையைத் தொடாமல் மிதக்கவிடும் காந்த பிக்கப்புகளும் அந்த வகையை மனதில் வைத்தே வருகின்றன. உங்கள் 23 மி.மீ. இடைவெளியில் அது தாராளமாக நுழையும். ஆனால் நேராக ஓட்டையின் மேலேயே வந்து உட்காரும், கிட்டாரின் சொந்தக் குரல் கொஞ்சம் அடைபடும். ஜாஸ் தொனி வேண்டுமென்றால் அதைப் போடுங்கள். கேரலுக்கு நான் சொல்வது பீசோதான், அதாவது காந்தமில்லாமல் பலகையின் அதிர்வையே பிடிக்கும் வில்லை.

15 மி.மீ. பீசோ வில்லை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 27 மி.மீ. வேண்டாம். பலகையின் உட்பக்கம் குழிவாக இருக்கும், பெரிய பித்தளை வில்லை நடுவில் தொடாமல் ஓரத்தில் மட்டும் நிற்கும், சத்தம் தகரம் தட்டுவதுபோல் வரும். பிரிட்ஜின் இரண்டு கால்களுக்கும் நேர் கீழே, உள்ளே ஓடும் இரண்டு நீளச் சட்டங்களை ஒட்டி, கால் ஒன்றுக்கு ஒரு வில்லை. ஓட்டை வழியாகக் கை போகும், கண்தான் போகாது, சின்னக் கண்ணாடி ஒன்றும் டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் புட்டியில் (பிசைந்து ஒட்டி, பிறகு எடுத்துவிடக்கூடிய பசை) ஒட்டி வாசித்துப் பாருங்கள். அரை விரல் நகர்ந்தாலே தொனி மாறும். பிடித்த இடம் கிடைத்த பிறகு ஜெல் வகை சூப்பர் குளூ, மெல்லிய பூச்சாக. கெட்டியான நுரை டேப் வேண்டாம், அது மேல் சுருதிகளை விழுங்கிவிடும்.

இரண்டு வில்லையையும் இணையாக இணையுங்கள். பித்தளைப் பக்கம் இரண்டும் கிரவுண்டுக்கு. ஒன்று மாறிப்போனால் ஒன்றையொன்று அடித்துவிட்டு ஒல்லியான சத்தம்தான் மிஞ்சும்.

வண்ணாரப்பேட்டை வயலின்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கம்பி முழுவதையும் ஒரே நேரத்தில் அவிழ்க்காதீர்கள். அந்த பிரிட்ஜைப் பிடித்து நிறுத்துவது கம்பியின் அழுத்தம் மட்டுமே. அவிழ்க்கத்தான் வேண்டும் என்றால், காலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகர்ந்துவிட்டால் 12-ஆம் ஃபிரெட்டில் ஹார்மானிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துத் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

ஒயர் செருகும் ஜாக்குக்கு அடிக்கட்டை ஓட்டையைப் பெரிதாக்க நேர்ந்தால் டிரில் வேண்டாம், பழைய மரத்தைக் கவ்விப் பிளந்துவிடும். துளையைச் சீவிப் பெரிதாக்கும் ரீமரால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸ் தகட்டின் துளையையும் பெரிதாக்க வேண்டிவரும். அதெல்லாம் வேண்டாம் என்றால் வயலினுக்குப் போடுவதுபோல் ஓரத்தில் கவ்வும் ஜாக் போதும்.

கொடை மைக்செட்:
மாட்டியதும் நேராக மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் செருகிவிடாதீங்க தம்பி. அங்கே உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் அளவுதான் இருக்கும். அந்த இரண்டு வில்லையும் சேர்ந்து 20 நானோஃபாரட் மின்தேக்கம் என்று வைத்தால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியும். உங்கள் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், யோசித்துப் பாருங்க. 1 மெகா ஓம் உள்ளீடுள்ள ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) அல்லது ப்ரீஆம்ப் கட்டாயம்.

வில்லுப்பாட்டு மேடையில் குடத்துக்கு மைக் வைத்துப் பழகிய கையால் சொல்கிறேன், ஊளையிடுவதை நிறுத்த வால்யூமைக் குறைப்பது கடைசி வழி. முதலில் மானிட்டரை உங்கள் கிட்டாருக்கு நேர் எதிரே வைக்காதீங்க. அப்புறம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் லோ கட் (அதற்குக் கீழான சத்தத்தை வெட்டும் பொத்தான்) போடுங்க. அடங்கவில்லையென்றால் ஓட்டை அளவுக்கு நுரை ரப்பர் வெட்டி அடைத்துவிடுங்க. இரைச்சல் வருகிறது என்று மூன்று பின் பிளக்கில் எர்த்தை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது, அது உயிர் விஷயம்.

பாளை கிட்டார்:
அண்ணாச்சிமார் எல்லாருக்கும் நன்றி. புட்டியில் ஒட்டிப் பார்த்தேன். தடித்த கம்பிப் பக்கத்து வில்லையைச் சட்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியதும் அந்தக் குடக்குடச் சத்தம் போய்விட்டது. டிஐ பாக்ஸ் சர்ச்சிலேயே இருந்தது. ஆறு கம்பியும் ஒரே அளவில் கேட்கிறது, வீட்டில் கேட்ட அதே குரல். ஜாக்கை ஓரத்தில் கவ்வவிட்டேன், எங்கும் துளை போடவில்லை. புட்டியை அப்படியே விடலாமா, குளூவா?

தென்காசி மரவேலை:
டிசம்பர் வரை புட்டி தாங்கும். மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பலகை உப்பும், பிரிட்ஜ் உயரம் கொஞ்சம் மாறலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலுக்கு முன்னால் குளூ போட்டுவிடுங்கள். நம்ம ஊர் சூட்டில் புட்டி இளகி, வில்லை உள்ளே விழுந்து கடகடக்கும்.